கட்டம் போட்ட குடை

மனுஷ மனசை ஏழாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறையும் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, ஏழு சாவியையும் ஒரே ஆளின் இடுப்பில் மாட்டிவிட்டால் அந்த ஆள் என்ன பாடு படுவார்? நம்ம சாவியைக் கேட்டால் தெரியும். கல்லூரியின் உளவியல் துறையில் ஆய்வுக்கூட உதவியாளர். முப்பத்தோரு வருஷமாக இரண்டாம் மாடி நடையில் கொத்தைக் குலுக்கிக்கொண்டே நடக்கிறார் என்பதால் எல்லாருக்கும் அவர் சாவிதான். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பதிலுக்கு எல்லாருக்கும் பெயர் வைத்திருந்தார். முதல் அறையில் எலி சார். ஒரு பழக்கம் எப்படி ஒட்டுகிறது, எப்படி விடுகிறது என்று எலிகளிடம் பாடம் கேட்பவர். அடுத்தது மூளை மேடம். கம்பி தைத்த தொப்பியை வருகிறவர் தலையில் எல்லாம் மாட்டி, உள்ளே எங்கே மின்னுகிறது என்று பார்ப்பார். குழந்தை மேடத்தின் அறையில் பொம்மைகளும், ஒரு பக்கம் மட்டும் தெரிகிற பெரிய கண்ணாடியும் உண்டு. பிள்ளைகள் விளையாடும், மேடம் இருட்டில் நின்று அவர்கள் வளர்வதை எழுதிக்கொள்வார். தனியாக இருக்கும்போது நல்லவனாக இருப்பவன் நாலு பேரோடு சேர்ந்ததும் ஏன் புத்தி மாறுகிறான் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர் கூட்டத்து சார். எவனை எந்த வேலைக்கு எடுத்தால் குடிமுழுகாது என்று கம்பெனிகளுக்குச் சொல்பவர் வேலை சார். மனசு ஒடிந்து வருகிறவர்களை உட்காரவைத்துக் காது கொடுப்பவர் ஆறுதல் மேடம். இந்த ஆறு பேருக்கும் மனசு தன் அறையில்தான் குடியிருக்கிறது என்று நினைப்பு. பக்கத்து அறையில் நடப்பது பொழுதுபோக்கு. டீ குடிக்கக்கூட ஒன்றாகப் போகமாட்டார்கள்.

ஏழாவது அறைதான் ஞாபக அறை. அந்த மேடம் ஓய்வு பெற்று, காலமாகியும் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அதைத் திறக்க ஆள் இல்லை. இந்த வருஷம் துறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. பழைய காகிதங்களை எல்லாம் பிரித்து, வேண்டாததைக் கழித்துக்கட்டும் வேலை, வேறு யார் தலையில் விழும்? சாவி ஒரு திங்கட்கிழமை காலையில் ஏழாவது அறையின் இரும்பு அலமாரியைத் திறந்தார்.

திறக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் திறந்துவிட்டார்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கோப்புகள், ஒன்று முதல் இருபது வரை எண் போட்டு. ஞாபக மேடத்தின் பெயர் பெற்ற ஆராய்ச்சி அது. நடக்காத ஒன்றை நடந்ததாக ஒருவர் நம்ப முடியுமா என்பதுதான் கேள்வி. ஆராய்ச்சிக்கு வருகிறவரின் வீட்டு ஆள் ஒருவர் சிறுவயதில் நடந்த மூன்று நிஜக் கதைகளை எழுதித் தருவார். நாலாவதாக ஒரு பொய்க்கதையை மேடம் சேர்ப்பார். வீட்டு ஆளுக்கு அது பொய் என்று தெரியும், வாயைத் திறக்கக் கூடாது. வருகிறவரிடம் நாலுமே வீட்டு ஆள் எழுதியது என்று காட்டி, ஞாபகம் வருவதைச் சொல்லுங்கள் என்று மூன்று தடவை கேட்பார்கள். நாலாவது தடவை உட்காரவைத்து, “இது நாங்கள் இட்டுக்கட்டியது” என்று நேருக்கு நேர் உண்மையைச் சொல்லி, ஒரு மஞ்சள் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் சட்டம். மேடம் அதில் கறாரானவர்.

பொய்க்கதைகளை எழுதியது மேடம் இல்லை. சாவிதான். “உனக்குக் கதை கட்ட வரும்யா, நீயே எழுது” என்று மேடம் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொருவருக்கும் வீட்டு விவரம் பார்த்து, அச்சு அசலாக எழுதிக் கொடுத்தார்.

இருபது, பத்தொன்பது, பதினெட்டு. எல்லாக் கோப்பிலும் கடைசியில் மஞ்சள் தாள், கீழே கையெழுத்து. பதினேழை எடுத்தார். மஞ்சள் தாள் இருந்தது. கையெழுத்து இல்லை.

மறந்துபோன விஷயம் இல்லை அது. மறந்துவிட்டதாக அவர் இருபது வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விஷயம். பதினேழாம் எண் பெண் நாலாவது தடவைக்கு வந்த அன்று மேடத்துக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் வாங்க என்று சாவி அனுப்பினார். அடுத்த வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். “சார், எனக்கு ஊரோட அந்தக் கோடியில வேலை கிடைச்சிடுச்சு. இனிமே வர முடியாது.” பரவாயில்லம்மா, நல்லா இரு என்று வாழ்த்தி வைத்துவிட்டார். மாசக் கடைசியில் மேடம் கேட்டார்: “பதினேழுக்குச் சொல்லியாச்சா?” திட்டு வாங்க வேண்டுமே என்ற பயம். ஒரு குடைக் கதைதானே, யார் குடி கெட்டது என்ற அலட்சியம். “சொல்லியாச்சு மேடம்.” மேடம் தாளைக் கேட்கவே இல்லை. அவர் மேல் அத்தனை நம்பிக்கை.

நின்ற நிலையிலேயே சாவி கோப்பைப் புரட்டினார். பதினேழின் அப்பா பஸ் கண்டக்டர். மூன்று நிஜக் கதைகளை எழுதிக் கொடுத்தவன் அண்ணன். நாலாவது சாவியின் கையெழுத்தில்: ஐந்து வயதில் அப்பா உன்னை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கூட்டத்தில் கை நழுவி நீ தொலைந்துபோனாய். மழை. கட்டம் போட்ட குடை பிடித்த ஒரு அம்மா உன்னைக் கைபிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதன் கீழே ஒரு வரி எழுதி, தெரியாதபடி மையால் அழுத்தி அடித்திருந்தார். என்ன வரி என்பது அவருக்கு மட்டும் தெரியும். “குடையின் ஒரு கம்பி உடைந்து, சிவப்பு நூலால் கட்டியிருந்தது.” அளவுக்கு மீறிய ஜோடனை என்று அவரே அன்றைக்கே அடித்துவிட்டார். வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

முதல் தடவை பதினேழு சொன்னது: “இது சுத்தமா ஞாபகம் இல்ல.” இரண்டாம் தடவை: “குடை... ஆமா, ஏதோ குடை.” மூன்றாம் தடவை ஒன்றரைப் பக்கம். அந்தம்மா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். உடம்பில் ஈரத்துணி வாடை. கை மட்டும் கொதிக்கும். இதில் ஒன்றைக்கூட சாவி எழுதவில்லை. கடைசியில் அவள் சொன்னது: “கை நழுவல சார். அப்பா வேணும்னே விட்டுட்டுப் போனாரு. அவர் முகம் எனக்குத் தெரியுது.”

கோப்பின் அடியில் ஒட்டுப் பிரிக்காத கடிதம் ஒன்று கிடந்தது. மேடம் ஓய்வு பெற்ற மறுமாசம் வந்தது. பிரிக்காமல் உள்ளே செருகியதும் சாவியேதான். இப்போது பிரித்தார்.

“மேடம், அண்ணன் ஒரு விபத்தில் போய்விட்டான். காரியம் முடிந்த அன்று அப்பாவிடம் பஸ் நிலையத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிக்கிறார். அண்ணனே எழுதிக் கொடுத்திருக்கிறான், அவன் இல்லாத தைரியத்தில் பொய் சொல்கிறார். இனிமேல் அவர் முகத்தில் முழிக்க மாட்டேன். எனக்கு இதை மீட்டுக் கொடுத்ததற்கு நன்றி.” கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் முகவரி.

நன்றி! சாவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பாவி, பாவி என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

அன்று மத்தியானம் குழந்தை மேடத்தின் அறைக் கண்ணாடியைக் கழற்றுவதற்கு அளவெடுக்க வேண்டியிருந்தது. இருட்டுப் பக்கம் நின்று டேப்பை நீட்டினார். எதிரே விளையாட்டு அறை, பட்டப்பகல் வெளிச்சம். பொம்மை அலமாரிக்கு முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். கையில் மடித்த குடை. யாரோ பிள்ளையைக் கூட்டி வந்த அம்மா என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம்தான் அந்த அறை பூட்டியிருப்பது உறைத்தது. அதன் சாவி அவர் இடுப்பில். ஓடிப்போய்த் திறந்தார், யாருமில்லை. தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. ஈரத்துணி வாடை மட்டும் அடித்தது.

மறுநாள் அறை அறையாக ஏறி இறங்கினார். யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டார். தன் அப்பாவைப் பற்றி ஒரு பெண் இருபது வருஷம் நம்பியது பொய் என்று இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும்?

எலி சார் கூண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஒட்டின பழக்கத்தை விடவைக்கலாம் சாவி. அழிக்க முடியாது. மணி சத்தத்துக்குப் பயப்படாதேன்னு எலிக்குப் பாடம் எடுத்தா, அதுவும் கத்துக்கும். ஒரு மாசம் கழிச்சு அதே மணியை அடிங்க, திரும்பவும் நடுங்கும்.”

மூளை மேடம் தொப்பியைத் துடைத்தபடி, “ஞாபகம்னா அலமாரியில வச்ச பொருள்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதுசா செஞ்சுதான் எடுக்கிறோம்” என்றார். கூட்டத்து சாருக்கு வாய் நிற்காது. “எதிர்ல இருக்கிறவன் அடிச்சுச் சொன்னா போதும்யா, தன் கண்ணையே நம்பாம தலையாட்டறவங்க ஏராளம். அதுவும் வேண்டப்பட்டவங்க சொன்னா? முடிஞ்சுது கதை.” வேலை சார் மட்டும், “இப்படி வேலை பார்த்தவனை எல்லாம் எவன்யா எடுத்தான்?” என்று கேட்டுச் சிரித்தார். சாவியும் சிரித்துவைத்தார், என்ன செய்வது.

ஆறுதல் மேடம் சிரிக்கவில்லை. சாவியின் முகத்தையே பார்த்தார். “போன்ல சொல்லாதீங்க சாவி. நேர்ல போங்க. அவங்க அப்பா உயிரோட இருக்காரான்னு முதல்ல கேளுங்க.”

கண்ணாடிக் கடை அதே இடத்தில் இருந்தது. அன்று வேலைக்குச் சேர்ந்தவள் இன்று அதற்கு முதலாளி. நாற்பதைத் தாண்டிய, நிமிர்ந்த, சிரிப்பு குறைந்த பெண். சாவி வாயைத் திறப்பதற்குள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“இது தெளிவா, அது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கு.”

“கண்ணுல பெரிசா ஒண்ணும் இல்லையே.”

“நான் கண்ணுக்காக வரலம்மா.” சட்டத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே சொன்னார். “இருபது வருஷத்துக்கு முன்னால ஞாபக ஆராய்ச்சிக்கு வந்தீங்களே, அங்கே உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தவன் நான்.”

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “மேடம் எப்படி இருக்காங்க? அவங்க இல்லைன்னா எனக்கு அந்தக் குடைக்காரம்மா திரும்பக் கிடைச்சிருக்கவே மாட்டாங்க. உங்ககிட்ட சொன்னா என்ன, இப்பவும் மழை பெய்ஞ்சா கடை வாசல்ல வந்து நிப்பாங்க. பயமெல்லாம் இல்ல. எதுக்கு வராங்கன்னுதான் தெரியல.”

“அந்தம்மா கிடையாதும்மா. அது நான் எழுதினது.”

முதலில் சிரித்தாள். கோப்பை மேஜையில் விரித்தார். அண்ணன் கையெழுத்திட்ட தாளை அவள் பக்கம் திருப்பினார். ‘நாலாவது கதை இட்டுக்கட்டியது என்று எனக்குத் தெரியும். உண்மையை நீங்கள் சொல்லும்வரை தங்கையிடம் சொல்ல மாட்டேன்.’ அவள் அதை எத்தனை தடவை படித்தாளோ தெரியாது. வாசல் மணி அடித்து ஒரு வாடிக்கையாளர் வந்தார், காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

“நான் அவங்க கையைப் பிடிச்சு நடந்திருக்கேன் சார்.”

“இல்லம்மா.”

“அப்போ எங்கப்பா...” அண்ணன் எழுதிய தாளை மேஜையில் வைத்தாள். “அப்படி ஒண்ணு நடக்கலம்மா, நடக்கலம்மான்னு என் காலைப் பிடிக்காத குறையா சொன்னாரே. அதுதான் நிஜமா?”

“அதுதாம்மா நிஜம்.”

அவள் எழுந்தாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தார், அடித்தாலும் தகும் என்றும் நினைத்தார். “நான் போன் பண்ணினேனே! ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா சொல்ல? உங்களுக்கு நாக்கு கூசலையா?”

“அன்னைக்குக் கூசலம்மா. இப்போ கூசுது.”

ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னாள். அப்பா இருக்கிறார். ஒரு முதியோர் இல்லத்தில். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து போன் வரும், எடுக்கமாட்டாளாம். போன மாசம் இரண்டு தடவை வந்ததாம். “உடம்புக்கு முடியலையோ என்னவோ” என்றவள், கடையின் விளக்குகளை அணைத்தாள். “வாங்க. நீங்களே வந்து அவர்கிட்டயும் சொல்லுங்க. என் வாயால எப்படிச் சொல்றது?”

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதியபோதெல்லாம் அவள் தோள் தூக்கிப்போட்டது. சாவி அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்தப் பெண்ணுக்கு அப்பா ஊதிய விசில் சத்தத்தைக்கூட விஷமாக்கிவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கரித்தது. இன்றைக்கு முடிந்துவிடும், அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்துவிட்டால் போதும், இந்தக் கட்டையும் நிம்மதியாகப் படுக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இல்லத்தின் செவிலி வாசலிலேயே சொன்னாள்: “ரொம்ப நாள் தாங்கமாட்டார். ஆனா புத்தி தெளிவா இருக்கு. மக வருவான்னு சொல்லிட்டே இருந்தார்.”

ஆறு கட்டில் போட்ட கூடம். ஜன்னலோரக் கட்டிலில் கிழவர் தலையணையில் சாய்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, “அப்பா, நீங்க சொன்னதுதான்ப்பா நிஜம். நான் தொலையவே இல்ல. தப்பு என்னோடது. நான்தான் பாவி” என்று அழுதாள்.

கிழவர் அவள் தலையைத் தடவினார். “இல்லடா கண்ணு. நீ சொன்னதுதான் நிஜம்.”

சாவி கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

“அன்னைக்கு நீ கேட்டப்போ எனக்கு ஞாபகமில்ல. அப்படி ஒண்ணு நடக்கலன்னு சத்தியம் பண்ணினேன். நீ போயிட்டே. இந்தக் கட்டில்ல படுத்து தினமும் யோசிச்சேன். என் பொண்ணு பொய் சொல்லமாட்டாளே, அவ அண்ணன் பொய் எழுதமாட்டானேன்னு யோசிச்சு யோசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் வந்துடுச்சு.” மூச்சு வாங்கினார். “உன்னை பெஞ்சுல உக்காரவச்சேன். டிரைவர் நேரமாச்சுன்னு கத்தறான். நீ அழறே. திரும்பி வர்ற டிரிப்புல கூட்டிக்கலாம்னு நினைச்சேன். நீ பார்த்துட்டிருக்கிறது தெரிஞ்சே விசில் ஊதிட்டேன்மா. தெரிஞ்சே ஊதிட்டேன்.”

“இல்லப்பா! இதோ நிக்கிறாரே, இவர்தான் அதை எழுதினது. கதைப்பா. வெறும் கதை. சொல்லுங்க சார்!”

சாவி சொன்னார். கைகூப்பிக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னார். மஞ்சள் தாளைக் காட்டினார். கிழவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்து மகளைப் பார்த்து, அத்தனை வாஞ்சையோடு சிரித்தார். “என்னை மன்னிக்கிறதுக்காக ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து பொய் சொல்ல வைக்கிறியாம்மா? எனக்கு அந்தம்மாவையே தெரியுமே. வீட்டு வாசல்ல உன்னை விட்டுட்டு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் போனாங்க. கட்டம் போட்ட குடை. அதுல ஒரு கம்பி உடைஞ்சு, சிவப்பு நூலால கட்டியிருந்தாங்க.”

மகள் திரும்பி சாவியைப் பார்த்தாள். “சிவப்பு நூலா? கால் சாய்ச்சு நடந்ததை நான்தான் இவர்கிட்ட சொன்னேன். நூலைப் பத்தி நான் சொன்னதே இல்லையே. உங்க காகிதத்துல இருக்கா?”

மையால் அடித்த அந்த ஒரு வரி. சாவி அதை மேடத்துக்கும் காட்டவில்லை, கட்டின பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. “இல்லம்மா” என்றார். பொய் இல்லைதான் அது. படிக்கிற மாதிரி அதில் எதுவும் இல்லை. கூடத்தில் ஈரத்துணி வாடை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“மன்னிச்சுடுவியாம்மா?” என்றார் கிழவர். “அதைக் கேட்காம போயிடுவேனோன்னுதான் பயமா இருந்துச்சு.”

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நடக்கவில்லை என்று இன்னும் எத்தனை தடவை சொல்லலாம்? அன்று அவர் சொன்னார், அவள் நம்பவில்லை. இன்று அவள் சொல்கிறாள், அவர் நம்பவில்லை. எது நிஜம் என்பதை அங்கேயே, அந்தக் கட்டில் விளிம்பிலேயே கைவிட்டாள்.

“மன்னிச்சுட்டேன்ப்பா.”

கிழவரின் உடம்பு தளர்ந்து தலையணையில் அமிழ்ந்தது. முகம் தெளிந்துவிட்டது. சாவி மஞ்சள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கையெழுத்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கிளம்பலாம் என்று திரும்பியவரின் கையைக் கிழவர் எட்டிப் பிடித்துக்கொண்டார். கொதித்தது அந்தக் கை.

“நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க? அந்தம்மாவைப் பார்த்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. அன்னைக்குச் சொல்ல விட்டுப்போச்சு.”

முகத்தைக் கைகளால் மூடி உட்கார்ந்திருந்த மகளை சாவி பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

“சொல்லிடறேன்யா” என்றார்.